பதிவு பெறாத சங்கத்துக்கு நன்கொடை: கொடுத்த பிறகு பணம் யாருடையது?

வாசகியின் கடிதம் (சுருக்கமாக): நான் கலிபோர்னியாவில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். எங்கள் வட்டாரத்தில் வாடகை வீடுகளில் குடியிருப்போர் சேர்ந்து நடத்தும் சங்கம் ஒன்று, திடீர் வாடகை உயர்வையும் வெளியேற்றத்தையும் எதிர்த்து நல்ல வேலை செய்கிறது. நன்கொடை தர விரும்பினேன். சங்கத்துக்குப் பதிவு இல்லை, வேறொரு நிறுவனத்தின் பெயரில் காசோலை எழுதுங்கள், அது 9 விழுக்காடு எடுத்துக்கொண்டு மீதியை எங்கள் கணக்கில் வைக்கும் என்கிறார்கள். இதை ‘ஃபிஸ்கல் ஸ்பான்சர்ஷிப்’ என்கிறார்கள். அலுவலக நண்பரோ என்னிடமுள்ள நிறுவனப் பங்குகளை ‘டோனர் அட்வைஸ்டு ஃபண்ட்’ ஒன்றில் போட்டு அதிலிருந்து கொடு என்கிறார். இரண்டுமே பணக்காரர்கள் வரியைத் தவிர்க்கும் வழி என்பது என் கணவரின் கருத்து. இவை நேர்மையானவையா? சங்கம் அடுத்த ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுக்கான நகர வாக்கெடுப்பிலும் இறங்கப்போகிறது. அதற்கு என் பணம் போகலாமா? என் பெயர் வெளியே தெரியாமல் இருக்குமா? தஞ்சாவூரில் என் தோழி நடத்தும் பெண்கள் குழுவுக்கும் இதே வழியில் உதவ முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

பல கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: நீங்கள் கொடுத்து முடித்த நொடியிலிருந்து அந்தப் பணம் சட்டப்படி யாருடையது? டோனர் அட்வைஸ்டு ஃபண்ட் என்பது, அறநிறுவனம் ஒன்று நடத்தும் கணக்கில் பணம் போட்டுவிட்டு, அதை யாருக்கு வழங்கலாம் என்று கொடையாளர் பிறகு பரிந்துரைக்கும் நிதி. அதில் போட்ட பணம் அந்த அறநிறுவனத்துடையது. ஃபிஸ்கல் ஸ்பான்சருக்கு எழுதிய காசோலை அந்த ஸ்பான்சருடையது. இரண்டிலும் அது உங்களுடையதாகவும் இல்லை, சங்கத்துடையதாகவும் இல்லை. வரிச்சலுகை கிடைப்பதற்கும், முற்போக்கு இயக்கங்கள் இவற்றால் பயன் அடைவதற்கும், சில வேளைகளில் பெரிய இழப்பு நேர்வதற்கும் காரணம் இந்த ஒன்றுதான். இரண்டும் முழுக்கச் சட்டப்படியானவை. இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் எதை நம்பிக் கொடுக்கிறீர்கள் என்பது தெரிந்து கொடுக்க வேண்டும்.

முதலில் உங்கள் பங்குகளிலிருந்து தொடங்குகிறேன். பங்குகள் உங்கள் பெயருக்கு வந்த நாளில் அவற்றின் மதிப்பு 20,000 டாலர், இன்று 60,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். விற்றுப் பணமாகக் கொடுத்தால் 40,000 டாலர் லாபத்துக்கு ஒன்றிய அரசின் மூலதன ஆதாய வரி 15 விழுக்காடு என்றாலே 6,000 டாலர் போய்விடும். கலிபோர்னியா மாநில வரி அதற்கு மேல். ஓராண்டுக்கு மேல் கையில் வைத்திருந்த பங்குகளை விற்காமல் அப்படியே டோனர் அட்வைஸ்டு ஃபண்டுக்கு மாற்றினால் அந்த ஆதாய வரி எழாது. 60,000 டாலர் முழுவதும் நன்கொடையாகக் கணக்கிடப்படும். பங்கு வடிவில் தரும் கொடைக்கு உங்கள் சரிசெய்யப்பட்ட மொத்த வருமானத்தில் 30 விழுக்காடு வரையும், ரொக்கமாகத் தந்தால் 60 விழுக்காடு வரையும் அந்த ஆண்டிலேயே கழித்துக்கொள்ளலாம். மிஞ்சுவதை அடுத்த 5 ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம். பத்துப் பதினைந்து பேர் கூடி நடத்தும் ஒரு வாடகைதாரர் சங்கத்துக்குப் பங்குகளை நேரடியாக ஏற்றுக்கொள்ளத் தரகுக் கணக்கு கிடையாது. டோனர் அட்வைஸ்டு ஃபண்ட் அதை வாங்கி விற்றுக் காசோலையாக அனுப்பிவிடும். இந்த எளிய வசதியை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன்.

2026 முதல் ஒரு மாற்றம் வந்துள்ளது. 2025 ஜூலையில் நிறைவேறிய வரிச் சட்டத்தின்படி, கழிவுகளைத் தனித்தனியே பட்டியலிடுவோருக்கு வருமானத்தில் 0.5 விழுக்காடு வரையிலான நன்கொடைக்குக் கழிவு கிடையாது. வருமானம் 3 லட்சம் டாலர் என்றால் ஒவ்வோர் ஆண்டும் முதல் 1,500 டாலர் கணக்கில் வராது. பட்டியலிடாதவர்களுக்குத் தனிநபருக்கு 1,000, தம்பதிக்கு 2,000 டாலர் என்று புதிய கழிவு ஒன்று தந்திருக்கிறார்கள். அது ரொக்கமாகத் தரும் நேரடி நன்கொடைக்கு மட்டுமே, டோனர் அட்வைஸ்டு ஃபண்டில் போடும் பணத்துக்குப் பொருந்தாது. ஆகவே சில ஆண்டுகளுக்கான கொடையை ஒரே ஆண்டில் நிதியில் போட்டுவிட்டு, அதிலிருந்து ஆண்டுதோறும் பிரித்துத் தருவது வரிக்கணக்கில் இப்போது முன்னைவிடப் பயனுள்ளது.

உங்கள் கணவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. வரிக்கழிவு பணம் போட்ட அன்றே கிடைத்துவிடுகிறது; அந்தப் பணம் ஓர் ஏழைக் குடும்பத்தைச் சென்றடைய எந்தக் காலக்கெடுவும் இல்லை. தனியார் அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினால் ஆண்டுக்குச் சொத்தில் 5 விழுக்காட்டை வழங்கியே ஆக வேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதைப் பொதுவெளியில் காட்ட வேண்டும். டோனர் அட்வைஸ்டு ஃபண்டுக்குத் தனித்தனிக் கணக்கு அளவில் இவ்விரண்டுமே கிடையாது. போதாக்குறைக்கு, ஒரு தனியார் அறக்கட்டளை தன் 5 விழுக்காட்டை ஒரு டோனர் அட்வைஸ்டு ஃபண்டில் போட்டாலும் அது வழங்கியதாகவே கணக்காகிறது. 2023இல் அமெரிக்காவில் இந்த நிதிகளில் ஏறத்தாழ 25,000 கோடி டாலர் இருந்தது. 1931இல் நியூயார்க் கம்யூனிட்டி டிரஸ்டில் தொடங்கிய ஒரு சிறிய ஏற்பாடு, 1991இல் ஃபிடெலிட்டி முதலீட்டு நிறுவனம் தனக்கென ஒரு அறநிறுவனத்தை அமைத்த பிறகுதான் இந்த அளவுக்குப் பெருத்தது. முதலீட்டு நிறுவனங்களுக்குப் பணம் தங்கினால் கட்டணம். வெளியேறினால் வருமானம் குறையும். 2021இல் செனட்டர்கள் ஆங்கஸ் கிங், சக் கிராஸ்லி இருவரும் காலக்கெடு விதிக்கும் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார்கள்; அது நிறைவேறவில்லை. நிறைவேறியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் சட்டம் கெடு வைக்கவில்லை என்பதற்காக நீங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. 2020இல் கொரோனா தொடக்கத்தில் ‘ஹாஃப் மை டாஃப்’ (டாஃப் என்பது டோனர் அட்வைஸ்டு ஃபண்டின் சுருக்கம்) என்ற முயற்சி, தங்கள் நிதியில் இருப்பதில் பாதியையாவது செலவழிக்கும்படி கொடையாளர்களைக் கேட்டது; பலர் முன்வந்தார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களிடம் நான் வைக்கும் கெடு மூன்று ஆண்டு. ஏரியில் நீர் நிரம்புவது நல்லதுதான், மதகு திறந்தால்தான் வயலுக்குப் பயன்.

இனி ஃபிஸ்கல் ஸ்பான்சர்ஷிப். உங்கள் சந்தேகம் இங்கேதான் அதிகம் இருக்கிறது. எனக்கு இதில் மரியாதை அதிகம். பதிவில்லாத ஒரு குழுவின் சார்பில், அமெரிக்க வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் அறநிறுவனமாக வரிவிலக்குப் பெற்ற ஒரு நிறுவனம் நன்கொடையை வாங்கி, அதைக் கண்காணித்து, அந்தக் குழுவின் வேலைக்குச் செலவிடுவதே இந்த ஏற்பாடு. இது இணையக் காலத்தில் முளைத்த தந்திரம் என்று சிலர் நினைக்கிறார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டத்தின் மிக முக்கியமான ஒரு பகுதியே இந்த வழியில் வந்த பணத்தில்தான் நடந்தது.

1957இல் தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில், வாக்காளராகப் பதிவு செய்ய எழுத்தறிவுச் சோதனையில் தேற வேண்டியிருந்த கறுப்பினப் பெரியவர்களுக்காக ஒரு மாலைப் பள்ளி தொடங்கியது. எசா ஜென்கின்ஸ் என்ற உள்ளூர்த் தலைவர் கேட்டதன் பேரில், டென்னசியில் இருந்த ஹைலாண்டர் பள்ளி உதவியது. பெர்னிஸ் ராபின்சன் முதல் ஆசிரியை. அவருக்கு வழிகாட்டியவர் செப்டிமா கிளார்க். குடிமை உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் உறுப்பினர் பதவியை விட மறுத்ததற்காக 1956இல் சார்ல்ஸ்டன் பள்ளி வாரியத்தால் வேலை நீக்கப்பட்ட ஆசிரியை அவர். பள்ளிகள் பரவத் தொடங்கியதும் டென்னசி மாநிலம் ஹைலாண்டரின் அனுமதியைப் பறிக்க வழக்குத் தொடுத்தது. 1961இல் அனுமதி போயிற்று. ஃபீல்ட் அறக்கட்டளை இந்தப் பள்ளிகளுக்குப் பணம் தரத் தயாராக இருந்தது. பொறுப்பேற்க மார்ட்டின் லூதர் கிங்கின் எஸ்.சி.எல்.சி. அமைப்பும் தயாராக இருந்தது. ஆனால் எஸ்.சி.எல்.சி.க்கு வரிவிலக்கு இல்லை. அறக்கட்டளையால் அதற்கு நேரடியாகக் கொடுக்க முடியாது.

அந்த இடைவெளியை நிரப்பியது ஒரு தேவாலய அமைப்பு. யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் சபையின் அமெரிக்கன் மிஷனரி அசோசியேஷன் பணத்தைத் தன் பெயரில் வாங்கியது. அச்சபையின் இளம் போதகரான ஆண்ட்ரூ யங் அதை நிர்வகித்தார். ஜார்ஜியாவில் டார்செஸ்டர் என்ற இடத்தில் அதே அமைப்புக்குச் சொந்தமான கட்டடத்தில் பயிற்சி நடந்தது. செப்டிமா கிளார்க்கும் டாரதி காட்டனும் பாடம் நடத்தினார்கள். ஆயிரக்கணக்கான சமையற்காரர்கள், முடிதிருத்துவோர், விவசாயிகள் அங்கே பயிற்சி பெற்று ஊர் திரும்பி ஆசிரியர்கள் ஆனார்கள். அந்தக் காலத்தில் இதை யாரும் ‘ஃபிஸ்கல் ஸ்பான்சர்ஷிப்’ என்று அழைத்திருக்கமாட்டார்கள். ஆனால் உங்கள் சங்கம் உங்களிடம் எழுதச் சொல்லும் காசோலைக்கும் ஃபீல்ட் அறக்கட்டளை எழுதிய காசோலைக்கும் சட்ட அமைப்பில் பெரிய வேறுபாடு இல்லை.

1962இல் தொடங்கிய வோட்டர் எஜுகேஷன் புராஜெக்டும் இப்படியே, அட்லாண்டாவின் சதர்ன் ரீஜனல் கவுன்சில் என்ற வரிவிலக்குப் பெற்ற அமைப்பின் குடையின் கீழ் நடந்தது. டாகோனிக், ஃபீல்ட் முதலிய அறக்கட்டளைகளின் பணம் அதன் வழியாகத் தெற்கு மாநிலங்களில் வேலை செய்த பல இயக்கங்களுக்குச் சென்றது. அந்த வெற்றி எதிரிகளின் கண்ணை உறுத்தியது. 1969 வரிச் சீர்திருத்தச் சட்டத்தில், தனியார் அறக்கட்டளைகள் வாக்காளர் பதிவுக்குப் பணம் தர வேண்டுமானால் பெறும் அமைப்பு குறைந்தது ஐந்து மாநிலங்களில் வேலை செய்ய வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் சேர்க்கப்பட்டன. அந்தச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்குக் கொண்டுவந்த கடும் விதிகளே, பொது அறநிறுவனங்களின் வழியாகப் பணம் கொடுக்கும் வழிகளுக்குக் கூடுதல் ஈர்ப்பைத் தந்தன. 1976இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் டிரம்மண்ட் பைக் தொடங்கிய டைட்ஸ் அறக்கட்டளை இந்தச் சூழலில் பிறந்தது: ஒரு பக்கம் கொடையாளர்கள் தங்கள் பரிந்துரைப்படி வழங்கும் நிதிகள், மறு பக்கம் பதிவில்லாத இயக்கங்களைத் தன் கூரையின் கீழ் வைத்து நடத்தும் பணி. பெர்க்லியின் எர்த் ஐலண்ட் நிறுவனம் 1982 முதல் சுற்றுச்சூழல் குழுக்களுக்கு இதையே செய்து வருகிறது. நீங்கள் வசிக்கும் பகுதிக்கு இந்த ஏற்பாடு புதிதன்று.

நீங்கள் கேட்ட 9 விழுக்காடு நியாயமா? பொதுவாக 5 முதல் 15 விழுக்காடு வரை வாங்குகிறார்கள். 9 நடுவில்தான் இருக்கிறது. உங்கள் 10,000 டாலரில் 900 டாலர் போகிறதே என்று மனம் கனக்கலாம். அந்த 900இல் ஆண்டு வரித் தாக்கல், தணிக்கை, ஊழியர் சம்பளப் பட்டியல், காப்பீடு, மாநிலப் பதிவு எல்லாம் அடங்கும். ஒரு வாடகைதாரர் சங்கம் இவற்றைத் தனியாகச் செய்ய வேண்டுமானால் அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸின் முழு விண்ணப்பத்துக்கான கட்டணம் 600 டாலரில் தொடங்கி, மாதக்கணக்கில் காத்திருந்து, அதன் பிறகு ஆண்டுதோறும் ஒரு கணக்காளருக்குச் சம்பளம் தர வேண்டும். நாளை காலை ஒரு குடும்பத்தின் பொருள்கள் வீதிக்கு வரப்போகிறது என்று தெரிந்து ஓடும் ஒருவரிடம் இயக்குநர் குழுவின் கூட்டக் குறிப்பை எழுதச் சொல்வதில் நியாயமில்லை. அந்தச் சுமையை வேறொருவர் தோளில் வைப்பதற்கான விலைதான் அது.

சங்கத்திடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது கட்டணத்தைப் பற்றி அல்ல, ஏற்பாட்டின் வகையைப் பற்றி. கிரெகரி கோல்வின் என்ற வழக்கறிஞர் 1993இல் இவற்றை வகைப்படுத்தினார். இன்றும் இந்தத் துறையில் இருப்பவர்கள் ‘மாடல் ஏ’, ‘மாடல் சி’ என்றுதான் பேசிக்கொள்கிறோம். மாடல் ஏயில் சங்கம் என்பது ஸ்பான்சர் நிறுவனத்தின் ஒரு பிரிவு. ஊழியர்கள் ஸ்பான்சரின் ஊழியர்கள், சொத்தும் கடனும் ஸ்பான்சருடையவை. மாடல் சியில் சங்கம் தனி அமைப்பாகவே இருந்து, ஸ்பான்சரிடமிருந்து மானியம் பெறுகிறது. சம்பளம், வரி எல்லாம் தானே பார்த்துக்கொள்கிறது. இரண்டிலும் பணத்தின் மீதான கட்டுப்பாடும் விருப்பதிகாரமும் ஸ்பான்சரிடமே இருக்க வேண்டும் என்பது ஐ.ஆர்.எஸ். 1968இல் வெளியிட்ட 68-489 எண் தீர்ப்பின் சாரம். ‘உங்கள் பணம் எங்கள் கைபடாமல் அப்படியே சங்கத்துக்குப் போய்விடும்’ என்று ஒரு ஸ்பான்சர் சொன்னால் அவர்களுக்கு விதி தெரியவில்லை என்று பொருள்; அங்கே கொடுக்காதீர்கள்.

இந்தக் கட்டுப்பாட்டின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2020இல் கொரோனா காலத்தில் அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் உதவ அமைத்த நூற்றுக்கணக்கான சிறு குழுக்களுக்கு ஓபன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன் என்ற நிறுவனம் ஸ்பான்சராக இருந்தது. 2024 பிப்ரவரி கடைசியில் அது தன்னையே கலைக்கப்போவதாக அறிவித்தது. சில வாரங்களில் புதிய நன்கொடை ஏற்பது நின்றது. 600க்கும் மேற்பட்ட குழுக்கள் செப்டம்பர் இறுதிக்குள் வேறு ஸ்பான்சரைத் தேடவோ இருப்பைச் செலவிடவோ வேண்டியதாயிற்று. யாரும் பணத்தைத் திருடவில்லை. ஆனால் ஊழியர் சம்பளமும் மருத்துவக் காப்பீடும் ஸ்பான்சர் வழியாக வந்துகொண்டிருந்த குழுக்களுக்கு அந்த ஏழு மாதங்கள் பெரும் அலைக்கழிப்பு. அதே ஆண்டு மே மாதம் பிளாக் லைவ்ஸ் மேட்டர் குளோபல் நெட்வொர்க் ஃபவுண்டேஷன், தனக்குச் சேர வேண்டிய 3.3 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையைத் தர மறுப்பதாகக் கூறி டைட்ஸ் மீது லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது; டைட்ஸ் அதை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்பது வேறு. 2020 கோடையில் மனம் கொதித்துக் கொடுத்தவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் பணம் சட்டப்படி ஓர் இடைநிலை நிறுவனத்தின் சொத்தாக இருக்கிறது என்பது தெரிந்திருக்கும்?

ஆகையால் கொடையாளர்கள் சங்கத்தைப் பற்றி விசாரிக்கும் நேரத்தில் பாதியையாவது ஸ்பான்சரைப் பற்றி விசாரிப்பதில் செலவிட வேண்டும். ஸ்பான்சர் ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு ஆண்டுதோறும் தரும் கணக்கான 990 படிவங்கள், கடைசி மூன்று ஆண்டுக்கானவை, பொதுவெளியில் கிடைக்கும், பாருங்கள். குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று வந்த பணத்தின் மொத்தத்தையும் அவர்கள் வங்கியில் உள்ள இருப்பையும் ஒப்பிடுங்கள். முதலாவது பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் இருந்தால், ஒரு திட்டத்தின் பணத்தை எடுத்து இன்னொன்றின் செலவை ஓட்டுகிறார்கள் என்ற ஐயத்துக்கு இடமுண்டு. நொடித்துப்போன ஸ்பான்சர்களின் கதை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கியது. பிறகு சங்கத்துக்கும் ஸ்பான்சருக்கும் இடையிலான ஒப்பந்தத்தில், பிரிந்து போகும்போது பணமும் பெயரும் உறுப்பினர் பட்டியலும் யாருக்கு, எத்தனை நாளில் என்பது எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல குழுக்கள் இந்தக் கேள்வியால் கோபப்படுவதில்லை. அவர்களே கேட்க மறந்ததை நீங்கள் கேட்டதாக நன்றி சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாக்கெடுப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேட்பாளர் ஒருவரை ஆதரிப்பதோ எதிர்ப்பதோ 501(சி)(3) நிறுவனத்துக்கு முற்றிலும் தடை. 1954 முதல் அதுவே சட்டம். ஆனால் வாடகைக் கட்டுப்பாட்டுக்கான வாக்கெடுப்பில் வேட்பாளர் இல்லை. அங்கே வாக்காளர்களே சட்டம் இயற்றுபவர்கள் என்று கொண்டு, வரிச் சட்டம் அதைச் சட்டமியற்றலில் செல்வாக்குச் செலுத்தும் முயற்சியாக, அதாவது லாபியிங்காகப் பார்க்கிறது. லாபியிங் பொது அறநிறுவனங்களுக்கு ஓர் அளவுவரை அனுமதிக்கப்பட்டதே. 5768 எண் படிவத்தைத் தாக்கல் செய்த நிறுவனம், தன் அறச்செலவில் முதல் 5 லட்சம் டாலருக்கு 20 விழுக்காடு, அதாவது 1 லட்சம் டாலர் வரை இதற்குச் செலவிடலாம். அதற்கு மேல் விகிதம் குறைந்துகொண்டே போகும். எவ்வளவு பெரிய நிறுவனமானாலும் ஆண்டுக்கு 10 லட்சம் டாலரே உச்சம். பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று இங்கே இருக்கிறது. அந்த உச்சவரம்பு ஸ்பான்சர் நிறுவனம் முழுமைக்கும் சேர்த்து. அதன் கூரையின் கீழ் இருக்கும் நாற்பது, ஐம்பது திட்டங்களும் அதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் சங்கத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதை இப்போதே கேட்டுவைக்கச் சொல்லுங்கள், பிரசாரம் சூடுபிடித்த பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும்.

உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது ஒன்றே. டோனர் அட்வைஸ்டு ஃபண்டிலிருந்து பரிந்துரைக்கும்போது ‘வாக்கெடுப்புப் பிரசாரத்துக்கு’ என்று எழுதாதீர்கள். பெரும்பாலான நிதிகள் அதைத் திருப்பி அனுப்பிவிடும். ‘பொதுவான ஆதரவுக்கு’ என்று எழுதுங்கள். இதில் ஏமாற்று ஏதும் இல்லை. ஒரு சங்கத்துக்கு அலுவலக வாடகையும் தொலைபேசிக் கட்டணமும் ஊழியர் சம்பளமும் உண்டு. எந்த மாதத்தில் எதற்கு எவ்வளவு தேவை என்பதை அவர்களே நன்கு அறிவார்கள். வாக்கெடுப்புக்கென்றே தர விரும்பினால், உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து, வரிக்கழிவு கோராமல், பிரசாரக் குழுவுக்கு நேரடியாகக் கொடுங்கள்.

பெயர் வெளிவருமா என்ற கேள்விக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பிரசாரக் குழுவுக்குத் தரும் பணம் மாநிலத் தேர்தல் நிதி விதிகளின்படி உங்கள் பெயரோடு அறிவிக்கப்படலாம். டோனர் அட்வைஸ்டு ஃபண்ட் வழியாகத் தந்தால் பெறுபவருக்கே உங்கள் பெயர் தெரியாமல் இருக்கச் செய்ய முடியும். இந்த மறைப்பை நான் எளிதாக ஏற்பவன் அல்லன். ஆனால் இதன் வரலாறு, இதை முற்றாகக் கண்டிக்க எனக்குத் தயக்கத்தைத் தருகிறது. அலபாமா மாநிலம் என்.ஏ.ஏ.சி.பி.யின் உறுப்பினர் பட்டியலைக் கேட்டபோது, பெயர்கள் வெளியானால் அவர்களுக்கு வேலையும் உயிரும் போகும் என்பதால் 1958இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. அந்தத் தீர்ப்பைத் துணைக்கழைத்தே 2021இல், வலதுசாரி அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், பெருங்கொடையாளர்களின் பெயரை மாநிலத்துக்குத் தர வேண்டும் என்ற கலிபோர்னியாவின் விதியை உச்ச நீதிமன்றம் நீக்கியது. இடதுசாரிகளுக்கு டைட்ஸ் இருப்பதுபோல் பழமைவாதிகளுக்கு 1999 முதல் டோனர்ஸ்டிரஸ்ட் இருக்கிறது. ஒரே கேடயம் இரு தரப்பின் கையிலும் இருக்கிறது. உங்கள் வீட்டு உரிமையாளரே எதிர்த்தரப்பில் இருந்து, பெயர் வெளியானால் உங்களுக்கு இடர் என்றால் மறைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சங்கத்துக்காவது உங்களைத் தெரியட்டும். முகமறியாக் கொடையாளரிடம் அடுத்த ஆண்டு வந்து நிலைமை இப்படி என்று யாரும் பேச முடியாது.

எந்த நிதியைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் முற்போக்குக் கொடையாளர்களுக்கு ஒரு கேள்வி உண்டு. பெரிய முதலீட்டு நிறுவனங்களின் நிதிகள், ஐ.ஆர்.எஸ். பட்டியலில் இருக்கும் எந்த 501(சி)(3)க்கும் அனுப்பிவிடும். வெறுப்பைப் பரப்பும் குழுக்களுக்கும் அந்த வழியில் பணம் போயிருக்கிறது. அமால்கமேட்டட் ஃபவுண்டேஷன் 2019இல் ‘வெறுப்பு அறமாகாது’ என்ற பொருளில் ஓர் இயக்கம் தொடங்கி, அத்தகைய குழுக்களுக்குப் பணம் மறுக்கும்படி மற்ற நிதிகளைக் கேட்டது. அதன் தாய் வங்கி 1923இல் ஆடைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இப்படிப்பட்ட நிதிகளில் கட்டணம் சற்று அதிகமாக இருக்கலாம். சிறிய சங்கங்களையும் ஸ்பான்சர்களையும் அறிந்த ஊழியர்கள் அங்கே இருப்பார்கள் என்பதை அதற்கு எதிரே வைத்துப் பாருங்கள். நீங்கள் ஒரே ஒரு சங்கத்துக்குத்தான் கொடுக்கப்போகிறீர்கள், அதுவும் உடனே என்றால், கட்டணம் குறைந்த எதுவும் போதும்.

தஞ்சாவூர்த் தோழியின் குழு பற்றிச் சொல்ல வருத்தமாக இருக்கிறது: இதே வழி அங்கே செல்லாது. இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் (எஃப்.சி.ஆர்.ஏ.) 2020 செப்டம்பரில் வந்த திருத்தம், வெளிநாட்டுப் பணம் பெற்ற ஓர் அமைப்பு அதை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தருவதை முற்றிலும் தடை செய்துவிட்டது. அதாவது பெரிய தொண்டு நிறுவனம் வாங்கிச் சிறு குழுவுக்குத் தரும் வழியே அடைபட்டது. கிராமங்களில் இருந்த சிறு குழுக்களுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்பதை அந்தத் துறையில் இருப்பவர்கள் அறிவார்கள். தோழியின் குழுவுக்குச் சொந்தமாக எஃப்.சி.ஆர்.ஏ. பதிவும் புதுடெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் கணக்கும் இருந்தால், இந்திய அமைப்புகளுக்குப் பணம் அனுப்பும் அமெரிக்க அறநிறுவனம் ஒன்றின் வழியாக உங்கள் நிதியிலிருந்து பரிந்துரைக்கலாம். இல்லையென்றால் இன்னொரு வாய்ப்பு: நீங்கள் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரானால், உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் நன்கொடை அந்தச் சட்டத்தின்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்காவில் அதற்கு வரிக்கழிவு கிடைக்காது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டீர்கள் என்றால், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் இந்த விலக்கு உங்களுக்கு இல்லை.

இனி செய்ய வேண்டியவை. பங்குகள் ஆண்டு முடிவதற்குள் நிதியின் கணக்கில் சென்று சேர்ந்திருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய நாள் கணக்கில்லை. டிசம்பர் கடைசி வாரத்தில் தரகு நிறுவனங்கள் திணறும் என்பதால் நவம்பரிலேயே மாற்றிவிடுங்கள். பரிந்துரைப் படிவத்தில் பெறுபவர் என்ற இடத்தில் ஸ்பான்சரின் பெயரையும் வரி அடையாள எண்ணையும் எழுதி, நோக்கம் என்ற இடத்தில் சங்கத்தின் பெயரைச் சொல்லி, அதன் பொதுவான ஆதரவுக்கு என்று குறிப்பிடுங்கள். ஸ்பான்சர் உங்களுக்கு வரி ரசீது அனுப்பினால் அதைப் பயன்படுத்தக் கூடாது. கழிவு ஏற்கெனவே ஒருமுறை கிடைத்துவிட்டது. சங்கத்தின் ஆண்டு விருந்துக்கான நுழைவுச் சீட்டையும் இந்த நிதியிலிருந்து வாங்காதீர்கள். கொடையாளர் பெறும் பயனுக்கு அந்தப் பயனின் மதிப்பில் 125 விழுக்காடு தண்ட வரி உண்டு. அந்தச் சீட்டு உங்கள் கைப்பணத்தில் இருக்கட்டும்.

ஸ்பான்சர் ஒப்பந்தத்தின் நகல் கைக்கு வந்ததும், பிரிந்து செல்வது பற்றிய பகுதியை எனக்கு அனுப்புங்கள். பங்குகளை மாற்றுவதற்கு முன் படித்துச் சொல்கிறேன்.